வாத்தியார் வண்டிக்குப் பூசிய சுண்ணாம்பு

அருள்சாமி வாத்தியாரின் மோட்டார் சைக்கிள், எண்ணெய்க்குப் பதிலாக அவர் வீட்டுப் பேச்சை ஒழுகவிடத் தொடங்கியது 1993 ஆடி மாதம். இன்ஜின் மூடியின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், நடுவில் வைத்த பேக்கிங் ஓரமாகக் கசிந்தது. காரைக்குடியில் வண்டி எங்கே நின்றாலும், முந்தின நாள் அடுப்படியில் அவர் மனைவி செபஸ்தியம்மாள் பேசியதெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து எல்லாருக்கும் கேட்டது. தெருவுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. காய் வாங்கி வருகிறவர்கள் வண்டிப் பக்கம் நின்று, பையைக் கை மாற்றிக்கொண்டு, மெதுவாகவே நடந்தார்கள். கஷ்டம் மகள் பெல்சிக்குத்தான். அரியக்குடியில் டீச்சர் வேலை, வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வந்த வரன்களெல்லாம் மாதா கோயில் வாசலில் நின்ற வண்டியைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. “அந்தப் பையனுக்கு மூக்கு மட்டும் முந்துன பஸ்ல வந்துருச்சு போல” என்று ஒரு வரனைப் பற்றிச் செபஸ்தியம்மாள் சொன்னது, அந்தப் பையனின் அத்தை காலடியிலேயே சொட்டியது.

மெக்கானிக் ஏகப்பன் மூன்று வருஷம் பசை தேடினார். ஷெல்லாக் அரக்கு சூட்டில் பொரிந்து உதிர்ந்தது. மதுரையிலிருந்து வரவழைத்த டியூப் பசை ரப்பராக இறுகியது. செபஸ்தியம்மாள் பேச்சு அதையும் அரித்தது. “எதையாவது பூசுப்பா, நான் ஓஞ்சு போயிட்டேன்” என்றார் வாத்தியார். அப்போது கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. ஏகப்பன் ஒரு சட்டி வாங்கி வந்து, “நூறு வருச மழைக்கே அசையாதது. கவலைப்படாதீக சார்” என்று தாராளமாக அப்பினார். வண்டி வாயை மூடிக்கொண்டது. அதிகப்படிப் பூச்சு உள்ளே பிதுங்கிப் பேச்சு வரும் வழியையே அடைத்ததில், வீட்டில் மூன்று பேருக்கும் உதடு அசைந்ததே தவிர, சத்தம் வரவில்லை. தெருவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் பார்த்துத்தான் தேவகோட்டையிலிருந்து ஜான் பீட்டரும் அவன் தாயாரும் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. “ஊமைக் குடும்பம்னு தரகர் சொல்லவே இல்லையே” என்று அந்தம்மா எழுந்துவிட்டார். பெல்சி பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஸ்பேனரை எடுத்து, வண்டிக்கு முன் குத்துக்காலிட்டு போல்ட்டுகளைத் தளர்த்தினாள். சுண்ணாம்பு விண்டது. ஒரு வாரத்து ஜெபம் முதலில் கொட்டியது, அடுத்து வெங்காய விலை, கடைசியாகப் பெல்சியின் குரல்: “மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கு. வேலைய விடச் சொன்னா மட்டும், காப்பியக் குடிச்சுட்டு அப்படியே கிளம்பட்டும்.”

செபஸ்தியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். வந்த அம்மா முழுதும் கேட்டு முடித்தார். “இம்புட்டுத்தானா? எங்க வீட்ல கிணத்து மோட்டாரு. போட்டா எம் மாமியா பேசும், செத்தும் விடல. நீ வேலைக்கே போத்தா, வீட்ல இருந்தா உன்னையும் வையும்” என்று சொல்லிவிட்டு, இன்னொரு காப்பி கேட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. வாத்தியார் அப்புறம் பேக்கிங் மாற்றவே இல்லை. பெல்சி போனபின் வீட்டில் பேச்சு குறைந்து, சொட்டு மெதுவாகத்தான் விழுகிறது. காய் வாங்கி வருகிறவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டே நிற்கிறார்கள்.