பாதிரியார் எடுத்த காடு

என் அம்மாவைப் புதைத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. யாரோ வந்து தலைமாட்டில் சிவப்புத் துணி கட்டிய முளை ஒன்றை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வரப்போகும் கரும்புத் தோட்டத்தின் எல்லை அந்த வழியாகத்தான் போகிறதாம். அவளைப் புதைத்த கல்லறைத் தோப்பு பழையது என்று ருசுவானால் எல்லை சுற்றிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் அம்மா இடம் மாற வேண்டும். உயிரோடு இருந்தபோதே அவள் வீடு மாறச் சம்மதித்ததில்லை.

ருசு, ஊர்த்தலைவரான என் மாமா கபாம்ப்வேயின் வீட்டுச் சுவரில் தொங்கியது. 1954இல் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் எதிர்க்குன்றில் நின்று எங்கள் குன்றை எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மற்ற பாதிரியார்கள் ஞானஸ்நானம் பெற்றவர்களைப் படம் எடுத்தார்கள். இவருக்கு மரங்கள்தான் கிடைத்தன போலிருக்கிறது.

மாகாணத் தலைநகர் காஸாமாவிலிருந்து வந்த நில அதிகாரி சிதுண்டு சிறுத்தைக் குலம். நாங்கள் ஆட்டுக் குலம். இந்த இரண்டு குலமும் சந்தித்தால் கேலி பேசியே தீர வேண்டும். சாவு வீட்டிலும் விலக்கில்லை.

"ஆடுங்க மேயுற ஊர்ல தோப்பு எப்படிய்யா மிஞ்சுச்சு?" என்றபடி உட்கார்ந்தார்.

"சிறுத்தைய உள்ள விட்டாத்தானே பயம்" என்றார் மாமா.

படத்தின் நடுவில் கறுத்து அடர்ந்திருந்த மரக்கூட்டத்தை மாமா விரலால் தொட்டுக் காட்டினார். அதுதான் கல்லறைத் தோப்பு, அப்போதே அவ்வளவு அடர்த்தி என்றார். அவர் அதை மனதார நம்பினார். அதிகாரி படத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். நான் வனவியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் சொல்வதை எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.

பார்த்தேன். பாதிரியார் காற்று நிற்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும். ஓர் இலைகூடக் கலங்கவில்லை. பட்டை வெடிப்புகளை எண்ணலாம். தொலைவில் ஒரு நூல் புகை. அவ்வளவு நல்ல படம் என்பதால்தான் வினை. கறுத்த மரங்களின் அடியில் புல் எரிந்த சாம்பல் தெளிவாகத் தெரிந்தது. கல்லறைத் தோப்புக்குள் எங்கள் ஊரில் யாரும் தீயை விடமாட்டார்கள். புல் எரிந்து முடிந்த செப்டம்பர் அது. மழைக்கு முந்தி எங்கள் மரங்கள் சிவப்பாகத் துளிர்க்கும் மாதம். பழைய ஃபிலிமுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்று. அன்று குன்றின் நடுப்பகுதி செக்கச்செவேலென்று இருந்திருக்கிறது. எழுபது வருஷமாகச் சுவரில் கறுப்பு உடுத்தித் துக்கம் அனுசரித்துக்கொண்டிருக்கிறது. அங்கே அப்போது தோப்பும் இல்லை, கல்லறையும் இல்லை.

இத்தனை அழகான காட்டை நான் நேரில்கூடப் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தேன்.

"என்னப்பா, தூங்கிட்டியா?" என்றார் அதிகாரி.

"பச்சை மாறாத மரங்க சார். தீ படாத இடம். கல்லறைத் தோப்புதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"தழையப் பத்தி ஆட்டைவிட யாருக்குத் தெரியும்" என்று அவர் எழுதிக்கொண்டார்.

குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. ஐந்து வாரமாக எதுவுமே வரவில்லை, அதனால் ஆச்சரியப்படவும் இல்லை.

சாயங்காலம் இரண்டு பேர் வந்து முளையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தலைமாட்டில் ஒரு குழி மிஞ்சியது.

"அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடு மருமவனே" என்றார் மாமா.

"எடுத்துட்டாங்கம்மா" என்றேன். காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினேன்.