வாய் திறக்காத கர்னல்

முதியோர் இல்லத்தில் கர்னல் என்றாலே எல்லோருக்கும் கிலி. பட்டாளத்துக்குப் போனவரில்லை, அதட்டலுக்கு வந்த பெயர் அது. ஞாபகம் கலையக் கலைய, கையும் நீண்டது. இந்த வாரம் கஞ்சியைத் தட்டிவிட்டதோடு, ஊட்ட வந்தவளின் மூக்குக்கண்ணாடியையும் உடைத்துவிட்டார்.

"எப்பவும் அடிப்பார்தான் டாக்டர். ஆனா இது வேற மாதிரி. கன்னத்தைத் தொடவே விடமாட்டேங்கிறார்," என்றாள் நர்ஸ்.

பல் டாக்டர் முக்காலியை இழுத்துப்போட்டு அவரெதிரே உட்கார்ந்தாள். கன்னம் வீங்கித்தான் இருந்தது. பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனதும் உதடு இறுகியது, முஷ்டி உயர்ந்தது. முழு மயக்கம் கொடுக்கலாமென்றால் இதயம் தாங்காது. "பல்லை எடுத்துடுங்க, அப்பாவுக்கு வலி தீர்ந்தா போதும்," என்று மகன் போனிலேயே சொல்லிவிட்டான். வாயைத் திறந்தால்தானே?

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல், பக்கத்து அறை அம்மாள் உள்ளே வந்தாள். அவளுக்குப் பார்க்கிற ஆண்களெல்லாம் தம்பிதான்.

"டேய், வாயைத் திறடா! அம்மா பாத்தா என்னைத்தான் திட்டுவாங்க."

கர்னல் ஆவென்று திறந்தார். கடைவாய்ப்பல் பிளந்து சீழ் கட்டியிருந்தது. டாக்டர் மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுத்ததுதான் தாமதம், அம்மாள் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என் தம்பியைக் குத்த வந்தியா?"

தம்பியே இல்லை என்று சொல்வதா, இந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு வேலையை முடிப்பதா? இரண்டுக்குமே டாக்டருக்கு மனசு ஒப்பவில்லை. உண்மையான பாதியை மட்டும் சொன்னாள்.

"இவருக்கு ரொம்ப வலிக்குதுக்கா. இது போட்டா வலி தெரியாது. கையப் பிடிச்சுக்கிறீங்களா?"

அம்மாள் யோசித்தாள். "மெதுவா செய். அழுதான்னா உன்னை விடமாட்டேன்."

பல்லைப் பிடுங்கியபோது அவர் அழவில்லை. சாயங்காலம் கிண்ணத்துக் கஞ்சி முழுக்க இறங்கியது. அதற்குப் பிறகு அடியும் குறைந்தது.

அடுத்த முறை பல் துலக்கிவிட வந்தபோது டாக்டர் முதலில் அம்மாளைத்தான் தேடிப் போனாள்.

"தம்பியா? எனக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாதே," என்று அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டருக்குச் சப்பென்று போனது. தனியாகவே கர்னலெதிரே போய் உட்கார்ந்தாள். பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து உதடு விலகியது. முன்பற்கள் இரண்டைத்தான் தேய்க்க முடிந்தது. அதற்குள், "போதும், போ!" என்று அதட்டினார்.

"சரிங்கய்யா," என்று எழுந்தாள்.