கட் சொல்லும் வரை

மாடிப்படியின் உச்சியில், வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வயதானவனாக விழுவது எப்படி என்பதுதான் யோசனை. எழுபதை நெருங்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு யோசனையா என்று சிரிப்பவர்கள் விழுந்து சம்பாதித்தவர்கள் அல்ல.

நான் விழுந்தே பிழைத்தவன். குதிரையிலிருந்து, ரயில் கூரையிலிருந்து, பாலத்திலிருந்து, ஒரு தடவை ஹெலிகாப்டரிலிருந்துகூட. ஹெலிகாப்டர் தரையில்தான் நின்றது. அதைச் சொன்னால் கதை சப்பென்று ஆகிவிடும். என் உடம்பில் முறியாத எலும்பு ஒன்றாவது இருக்கிறதா என்று டாக்டர்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். மூன்று தலைமுறைக் கதாநாயகர்களுக்கு முதுகாக இருந்திருக்கிறேன். என் முதுகைப் பார்த்து விசிலடிக்காத தியேட்டர் கிடையாது. முகத்தைத்தான் ஒரு ஈ காக்கைகூடப் பார்த்ததில்லை.

அன்று காலை சண்டைப் பயிற்சி மாஸ்டர் போன் செய்திருந்தார்.

“அண்ணே, ஒரு பெரியவர் மாடிப்படியில உருளணும். நம்ம பசங்களுக்கு நரைமுடி விக் மாட்டி உருட்டிப் பாத்துட்டேன். தலை கிழவன் மாதிரி இருக்கு, உருளறது கன்னுக்குட்டி மாதிரி இருக்கு. நீங்கதான் வரணும். மூஞ்சியும் தெரியும்ணே. உருண்டு வந்து கேமராவப் பாத்துத்தான் சாகறீங்க.”

மூஞ்சி தெரியும் என்பதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். மனைவியிடம் கேட்க வேண்டியிருந்தது. கழுத்தெலும்பு விலகி, பட்டை போட்டுக்கொண்டு ஒட்டகம்போல் உட்கார்ந்திருந்த காலத்தில், இனி விழ மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இன்னொரு தடவை அந்தக் கழுத்து மடங்கினால் கை கால் சொன்ன பேச்சுக் கேட்காது என்று டாக்டர் அவளிடம்தான் சொல்லியிருந்தார். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

மாஸ்டரின் போனை வைத்தபிறகு வீடு எனக்குப் போதவில்லை. மூடிய பீரோவைத் திறந்தேன், திறந்ததை மூடினேன். சொட்டாத குழாயை இறுக்கிச் சொட்ட வைத்தேன். கண்ணாடி முன் நின்று செத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் செத்தேன், இருந்தாலும் திருப்தியில்லாமல் இன்னொரு முறை செத்தேன். மனைவி தையல் கடைக்குக் கிளம்பி கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் தலையணையை எடுத்து வயிற்றில் கட்டிவிட்டேன்.

முதல் தடவை நானும் கன்றுக்குட்டியாகத்தான் உருண்டேன். உடம்பு தானாகத் தோளைக் கொடுத்தது, தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, கடைசிப் படியில் பூனைபோல் இறங்கியது. கிழவன் இப்படி விழ மாட்டான். அவன் முதலில் கைப்பிடியைத் தேடுவான். அது கைக்கு அகப்படாததில் ஆச்சரியப்படுவான். அப்புறம்தான் விழுவான்.

மறுபடி ஏறி, கைப்பிடியைத் தேடுவதுபோல் நடித்தேன். பாதியில் கால் வழுக்கியது. கை நிஜமாகவே தேடியது. கிடைக்கவில்லை. ஆச்சரியப்பட்டேன்.

அவ்வளவு அருமையாக ஒரு கிழவன் விழுந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. கழுத்தில் சுள்ளென்று ஏதோ ஓடி அடங்கியது. வலது கை விரல்நுனிகள் மரத்து, எறும்பு ஊர்ந்தது. அசையவில்லை. எங்கள் தொழிலில் இரண்டே சட்டம். மாஸ்டர் ‘கட்’ சொல்லும் வரை எழுந்திருக்கக் கூடாது. நிஜமாகவே அடிபட்டிருந்தால் உள்ளங்கையால் தரையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். கல்யாணமான புதிதில் இதைப் பெருமையாக மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

கேட் திறந்தது. அவள் பையோடு வந்து நின்றாள். அலறவில்லை. சமையலறை வாசலில், பேங்க் வரிசையில், அவள் தங்கை வீட்டு சோபாவில் எல்லாம் நான் செத்துக் காட்டியிருக்கிறேன்.

“செத்தாச்சா?”

“ம்.”

“வயித்துல என்ன, தலகாணியா?”

“ஆமா.”

“யாரு போன் பண்ணா?”

பிணம் இதற்கு மேல் பேசக் கூடாது. ஆனால் சட்டைப்பையில் இருந்த போன் அந்த நேரம் பார்த்து நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் அதிர ஆரம்பித்தது.

“கட் சொல்லும்மா. எழுந்திருக்கணும்.”

அவள் குனிந்து என் கண்ணைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். பையை ஓரமாக வைத்துவிட்டு, கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

“சொல்ல மாட்டேன். அடிபட்டிருந்தா தட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். இல்லேன்னா நீங்களா எழுந்து போனை எடுத்து, வரேன்னு சொல்லுங்க. நான் குறுக்க நிக்கல.”

இத்தனை வருஷத்தில் நான் தட்டியதே இல்லை. தொடை எலும்பு வெளியே எட்டிப் பார்த்து வணக்கம் சொன்ன நாளில்கூடத் தட்டவில்லை. தட்டினால் மாஸ்டர் வேறு கிழவனைத் தேடிக்கொள்வார். நான் கடைசிவரை முதுகுதான். தட்டாவிட்டால் எழுந்தாக வேண்டும். எறும்பு இப்போது முழங்கை வரை வந்திருந்தது. எழுந்து பார்த்தால்தானே எழ முடியுமா என்பது தெரியும். ‘கட்’ என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று முதல்முறையாகப் பயந்தேன்.

போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது.

“மூஞ்சி தெரியுமாம்,” என்றேன்.

“நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

என் உள்ளங்கை தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்து, அப்படியே நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.