புருவத்தில் வெட்டு இல்லாத பிள்ளை

1

இந்தக் கதை ஒரு டீக்கடையில், என் வாயிலிருந்து பிறந்தது. எழுதுவதற்கு முன்பே சொல்லித் தொலைத்துவிட்டேன். இப்போது நீங்கள் வாசிப்பது பதினைந்தாவது வரைவு. (ஐந்தாவது. கை தானாகக் கூட்டி எழுதுகிறது.)

நான் கணபதியப்பன், ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பத்துநாலு வருஷம் நாஞ்சில் நாட்டு வயல்களை ஒரு விரற்கடை கூட்டாமல் குறைக்காமல் அளந்தவன். ஓய்வுபெற்ற மறுநாளே, இனி எதையும் உள்ள அளவில் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அறுபத்தேழு வயதில் இதைவிட மலிவான சந்தோஷம் கிடையாது. சர்க்கரையும் ஏறாது.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

“ஆரல்வாய்மொழியில் அன்று அடித்த காற்று மூன்று பசுமாடுகளைத் தூக்கி...” (மாடு எதுவும் பறக்கவில்லை.)

“எழுபத்திரண்டு கிலோமீட்டர் மலைப்பாதையை ஒற்றைக்கையால்...” (நாற்பத்தெட்டு. இரண்டு கையாலும்.)

களைப்பாக இருக்கிறது; நேராகவே சொல்லிவிடுகிறேன். பெற்ற வீட்டில் பாதுகாப்பு இல்லாத பிள்ளைகளை வைத்துக் காக்கும் இல்லங்களுக்காக ஒரு மலை சைக்கிள் பயணம். நாம் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருவதாக ஊரில் நாலு பேரிடம் தாளில் எழுதி வாங்க வேண்டும். பிறகு ஆரல்வாய்மொழியிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை ரப்பர் தோட்டம்வரை ஏறித் திரும்ப வேண்டும். கியர் சைக்கிள் இரவல். முழங்கால் சொந்தம்.

3

புறப்படுவதற்கு முன் பொன்னுலிங்கத்தின் டீக்கடையில் தாளை நீட்டினேன்.

“ஓய் சர்வேயரே, இந்த வயசுல இது தேவையாவே? வழியில விழுந்தீர்னா?”

“விழுந்த எடத்துல ஒரு கல்லு நட்டிரும். மத்ததை வாரிசுக பாத்துக்கிடுவானுவ.”

“அதிருக்கட்டும். ஆருக்க பிள்ளையளுக்கு இது?”

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேனா தாளைத் தொடாது. பிள்ளை என்றால் யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று தெரிந்தாக வேண்டும். இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பதோ இல்லத்தின் சட்டம். ஆகவே நான் ஒரு பிள்ளையை உண்டாக்கினேன். ஒன்பது வயசுப் பெண். தென்னையில் அணிலாக ஏறுவாள். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவாள். இடது புருவத்தில் ஒரு வெட்டு. சொல்லச் சொல்லக் கடையே வாயைப் பிளந்தது. பொன்னுலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். (அடுப்புப் புகை.)

மூலை பெஞ்சில் இருந்த ஒருவர் கிளாசைக் கீழே வைத்தார்.

“சார், அந்த வெட்டு புருவத்துக்க நடுவுலயா, ஓரத்துலயா?”

“அட, எல்லாம் நான் கட்டிவிட்ட கதைவே,” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “கிலோமீட்டருக்கு நூறு ரூவா எழுதிக்கிடுங்க. பிள்ளைய எங்க வச்சிருக்காவன்னு மட்டும் சொல்லுங்க.”

4

முதல் பிரிவில் ஒரு திருத்தம். கதை அதற்கு மூன்று வாரம் முன்பே பிறந்துவிட்டது.

இல்லத்துக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் எல்லைத் தகராறு. இல்லத்தை நடத்தும் பெமிலா என்னை அளக்கக் கூப்பிட்டார். (இல்லம் நெய்யூரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அஞ்சுகிராமத்தில். இரண்டும் இல்லை.) டேப்பின் மறுமுனையை ஒரு சிறுமி பிடித்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நான் போதும் என்று சொல்லும்வரை விடாமல் பிடித்தாள். கல் நட்டு முடிந்ததும் கேட்டாள்:

“தாத்தா, அளந்தாச்சுல்லா? இனி நாம சொல்லாம ஆரும் உள்ள வரப்பிடாது, என்னா?”

“கலெக்டரே வந்தாலும் கல்லுக்கு வெளிய நின்னு கேட்டுட்டுத்தான் மக்களே வரணும்.”

நான் அவிழ்த்துவிட்ட எத்தனையோ புளுகில் இந்த ஒன்றைத்தான் ஒருவர் முழுசாக நம்பினார்.

தென்னையும் வாய்ப்பாடும் என் சரக்கு. வெட்டு அவளுடையது.*

* புருவத்தில் இல்லை, வேறு இடத்தில். அச்சுக்காக மாற்றியிருக்கிறேன். வயசையும்.

5

புறப்பட்டேன். எதிர்காற்று. டீக்கடை மூலை பெஞ்சுக்காரர் பக்கத்திலேயே பைக்கில் வந்தார். என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு முறை அவர் எஞ்சின் அணைந்தது. அவ்வளவு மெதுவாகப் போனேன்.

மூச்சிரைக்க இரைக்கப் பொய் சொன்னேன். “அவ மதுரைக்குப் போயாச்சு.” அடுத்த ஏற்றத்தில், “மதுரை இல்ல, கோட்டயம். ஒரு டாக்டர் தத்தெடுத்துட்டாரு.” தடிக்காரன்கோணம் தாண்டியதும், “உண்மையச் சொல்லுகேன், அப்படியொரு பிள்ளையே கெடையாது.”

ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் இறங்கி உருட்டினேன். அவரும் நிறுத்தினார்.

“மூணு கதை சொன்னீங்க சார். ஊரு மாறுது, பிள்ளை மாறல்ல. கட்டிவிட்ட பிள்ளையப் பத்திப் பேசும்பம் ஆருக்கும் மொகம் இப்படி ஆவாது.”

என் எழுத்துக்கு இதைவிடச் சரியான விமர்சனம் வந்ததில்லை.

“நீங்க அவளுக்கு யாரு?”

“அப்பன். அந்த வெட்டு எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியாதா சார்?”

6

ஒண்ணுக்குப் போவதாகச் சொல்லி மரங்களுக்குள் நுழைந்து பெமிலாவைப் போனில் பிடித்து, டீக்கடையிலிருந்து நடந்ததைச் சொன்னேன்.

“விலாசம் சொன்னீங்களா சார்?”

“இல்லம்மா, சத்தியமா இல்ல.”

“அவன் கிட்ட வரப்பிடாதுன்னு கோர்ட்டு ஆர்டர் இருக்கு. ஆனா நீங்க இங்க அளந்ததை ஊரே பாத்திருக்கு. சர்வேயர் சார் சமீபத்துல எங்கெல்லாம் அளந்தாருன்னு கேட்டாப் போரும். போலீசுக்குச் சொல்லுகேன். பிள்ளையையும் மாத்தணும். கொஞ்ச நேரம் அவனை அங்கனயே நிறுத்த முடியுமா?”

நான் ரோட்டுக்கு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த புளுகு. முக்கினேன், முனகினேன், கண்ணை மேலே செருகினேன். வேலை செய்தது.

இங்கேதான் ஒவ்வொரு வரைவும் முறிகிறது. அந்த மனிதர் ஓடிவந்து என் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். ஆம்புலன்ஸ் வரும்வரை என் தலையைத் தன் மடியில் வைத்துத் துண்டால் விசிறினார். “பயப்படாதீங்க சார், நான் இருக்கேன்லா,” என்றார். கை இதமாக இருந்தது. இவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன், அந்தக் கை ஒட்டவில்லை. நல்லவராக எழுதிப் பார்த்தேன், வெட்டு ஒட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

என் பயணம் இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் முடிந்தது. இந்த எண்ணில் நான் எதையும் கூட்டவில்லை.

7

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிட்டு, உமக்கு ஒன்றுமில்லை என்று சிரித்தார்கள். சாயங்காலம் பெமிலா வந்தார். போலீஸ் அந்த மனிதரை அழைத்து எச்சரித்து அனுப்பிவிட்டதாம். சிறுமி மத்தியானமே போய்விட்டாளாம்.

“இந்த வருஷத்துல அவளுக்கு இது மூணாவது வீடு சார். ஸ்கூல்ல இப்பத்தான் ஒரு கூட்டுக்காரி கெடச்சா.”

“இப்ப எங்க இருக்கா?”

“உங்களுக்குத் தெரியாண்டாம் சார்.”

கோபமாகச் சொல்லவில்லை. தன் கதாபாத்திரம் எங்கே இருக்கிறாள் என்று தெரியாத ஆசிரியனாக ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பொறுக்காமல் ஒரு முடிவை எழுதினேன்: ஒரு வீடு, ஒரு பள்ளிக்கூடம், பக்கத்துப் பெஞ்சில் புதிய கூட்டுக்காரி. இரண்டு பக்கம். அச்சுக்குக் கொடுக்குமுன் பெமிலாவிடம் காட்டினேன். அவர் நிதானமாக வாசித்தார். பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அடித்தார்.

“ஏம்மா, இதுல ஒரு வரி உண்மை கெடையாது. முழுக்க நான் கட்டிவிட்டதுல்லா?”

“டீக்கடையிலயும் இதத்தானே சார் சொன்னீங்க?”

8

(அந்த இரண்டு பக்கமும் இங்கே இருந்தன. கேட்காதீர்கள். நல்லவராகத்தான் இருப்பீர்கள். ஆனாலும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது.)