நூறு தடவை கூட்ட வேண்டிய வராந்தா

மருத்துவமனையின் கீழ்த்தள வராந்தாவில் அவன் நாலடி கூட்டினால் எதிர்ச்சுவர் ஐந்தடி தள்ளிப் போனது. பொறியாளர்கள் இரண்டு முறை டேப் பிடித்து அளந்தார்கள். உள்ளே நீளம் கூடியிருக்கிறது, வெளியே கட்டடம் ஓர் அங்குலமும் வளரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அவன் ஒரு பெரிய கட்டட ஒப்பந்தக்காரரின் மகன். வண்டி நிறுத்தும் இடத்துக்காக வந்த வாய்ச்சண்டையில் ஒரு லிஃப்ட் ஆபரேட்டர் மேல் காரை ஏற்றினான். பிறகு பின்னால் எடுத்து, நிதானமாக இன்னொரு தடவை ஏற்றினான். இப்படிப்பட்டவனுக்குச் சமூக சேவைத் தண்டனை பொருந்துமா என்று பார்க்க நீதிமன்றத்தில் ஒரு தகுதிப் படிவம் இருந்தது. பட்டம் பெற்றவரா, நல்ல குடும்பமா, முதல் குற்றமா, எதிர்காலம் பாழாகுமா என்று பதினாறு கேள்விகள். செத்தவனைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பதினாறிலும் தேறிவிட்டான், வெட்கங்கெட்ட பரீட்சை. ஏதாவது ஓர் அரசுக் கட்டடத்தின் வராந்தாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூறு தடவை கூட்ட வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் துப்புரவு மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்று தீர்ப்பானது.

எந்த இடத்துக்கு அனுப்புவது என்பதை எழுத்தர் பதிவேட்டின் வரிசைப்படி பார்த்தார். அடுத்த வரிசை அந்த மருத்துவமனை. அங்கே மேற்பார்வையாளராக இருந்தவள் லிஃப்ட் ஆபரேட்டரின் மனைவி. வரிசையை மீற எழுத்தருக்கு அதிகாரமில்லையாம்.

தினமும் காலை எட்டு மணிக்கு அவன் அவளிடம் வந்து துடைப்பம் வாங்கினான். "குட்மார்னிங்க்கா" என்றான். அவள் பதிவேட்டில் நேரத்தை மட்டும் குறித்தாள். சாயங்காலம் சுவரைத் தொடாமலே திரும்பினான். மறுநாள் முதலிலிருந்து தொடங்கினான். துடைப்பத்தோடு அவன் நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது, திருந்திய இளைஞன் என்று. நீண்ட வராந்தாவில் புதிதாகக் கட்டில்கள் போட்டார்கள். நோயாளிகள் காலைத் தூக்கி அவனுக்கு வழிவிட்டார்கள்.

மூன்றாம் வருடம் ஒப்பந்தக்காரர் நேரில் வந்தார்.

"ஏம்மா, நூறு கையெழுத்துதானே? போட்டுட்டா அவன் மூஞ்சிய நீயும் பாக்க வேண்டாம்ல?"

உண்மைதான். அந்த முகத்தைத் தினமும் பார்க்க அவள் என்ன குற்றம் செய்தாள்? அன்று மட்டும் பேனாவை இரண்டு தடவை கையில் எடுத்தாள்.

"சுவரத் தொட்டுட்டு வரச் சொல்லுங்க, போடறேன்" என்றாள்.

அவர் விடவில்லை. பெரிய வக்கீலாகப் பிடித்து ஒரு சலுகை வாங்கினார்: தினமும் முதலிலிருந்து கூட்ட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; மறுமுனையைத் தொட்ட பிறகு வந்து கையெழுத்து வாங்கினால் போதும். வாங்கிக் கொடுத்ததற்கு மகன் அப்பா காலில் விழாத குறை.

அதன் பிறகு அவன் முன்னேறிக்கொண்டே போனான். ஒரு வருடத்தில் சாயங்காலம் வீடு திரும்ப முடியாத தூரமாகிவிட்டது. அங்கேயே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பாடு சைக்கிளில் போகிறது. சைக்கிள்காரர் திரும்பி வர மறுநாள் ஆகிறது. அவன் தலை நரைத்துவிட்டது என்கிறார். நிர்வாகம் இரண்டாவது சைக்கிளுக்கு விண்ணப்பித்திருக்கிறது.

அவளுடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் கட்டில்களும் விளக்குகளும் தெரிகின்றன. அதற்கப்பால் யாருடைய முகமும் தெரிவதில்லை. இப்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம் பார்த்தே உட்காருகிறாள்.