சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற மாதத்தில் சீருடை தைக்கிற கடையில் லீவு கேட்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி, இல்லாத காய்ச்சலை உடம்பில் ஏற்றிக்கொண்டு, முதலாளியம்மாவின் முகம் சுளிப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, அவள் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சம்பாதித்திருந்தாள். புருஷனுக்கும் அன்றைக்குத்தான் லீவு. கோடை முழுக்க அவனுக்குக் கிடைக்கிற ஒரே ஞாயிறு அது. அன்றைக்கு அவன் வேலை செய்கிற பூங்காவில் வேலையாட்களின் குடும்பத்துக்கு டிக்கெட் வாங்காமலே உள்ளே போகலாம்.

பூங்கா என்றால் மரமும் பெஞ்சும் இல்லை, தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. தரையிலிருந்து பீய்ச்சும், தலைக்கு மேலிருந்து கொட்டும், சறுக்கில் ஏறினால் அடித்துக்கொண்டு போகும். அங்கேதான் அவனுக்குக் காவல் வேலை. கழுத்தில் விசிலோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடாதே, தள்ளாதே, தலைகீழாக இறங்காதே என்று கத்துவதுதான் பிழைப்பு. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவன் பெயரே மறந்துபோய் ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் அவன் கண்ணெதிரே நனைந்து கும்மாளம் போடுகின்றன. அவன் பெற்ற பெண்ணோ வீட்டில் வாளித் தண்ணீரில் சோப்பு டப்பாவைக் கப்பல் விட்டுக்கொண்டிருக்கிறாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் ‘வாலு’ என்று பெயர். இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான், பெரிய சறுக்கு. உச்சியிலிருந்து வளைந்து வளைந்து வந்து, கீழே குளத்தில் தொபுக்கடீர் என்று போடுமே, அது. வகுப்பில் பாதிப் பேர் அதில் போய்விட்டு வந்தாயிற்று. “உங்கப்பா அங்கதானே இருக்காரு, நீ இன்னும் போகலையா?” என்று கேட்டுக் கேட்டே அவள் உயிரை எடுத்தார்கள்.

போகாததற்குக் காரணம், சறுக்கின் படிக்கட்டு ஓரத்தில் நிற்கும் கம்பம். அதில் ஒரு சிவப்புக் கோடு. தலை அந்தக் கோட்டைத் தொட்டால் ஏறலாம். இல்லாவிட்டால் எவ்வளவு அழுதாலும் கிடையாது. போன வருஷம் திருப்பி அனுப்பியது வேறு யாரும் இல்லை, அவளுடைய அப்பாவேதான். வீட்டுக்கு வந்து சமையலறை நிலைக்கதவில் அதே உயரத்துக்குச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொடுத்தான். “இதைத் தொட்டதும் சொல்லு, ராஜா மாதிரி கூட்டிட்டுப் போறேன்” என்றான். அன்றிலிருந்து பல் தேய்ப்பதற்கு முன்னால் அந்தக் கதவில் முதுகை ஒட்டி நிற்பதுதான் வாலுவின் முதல் வேலை.

அன்று காலையிலும் நின்றாள். ஒரு விரல் குறைந்தது.

“ஒரு விரல்தானே? போறதுக்குள்ள வளர்ந்துடும்” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, பெண்ணின் முடியை எல்லாம் வாரிச் சுருட்டி உச்சந்தலையில் நெட்டுக்குத்தலாக ஒரு கொண்டை போட்டாள். ஆயிரம் கிளிப் குத்தி நிறுத்திய கொண்டை. புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான், பார்த்தான், கிளிப்புகளை ஒவ்வொன்றாக உருவினான்.

“முடியெல்லாம் கணக்குல வராது.”

“யாரு கேட்டா உங்க கணக்கை? கல்யாணம் பண்ணின நாள்ல இருந்து நானும் பாக்கிறேன், சிக்னல்ல ஆளே இல்லாட்டியும் நின்னு பச்சை விழுந்த பிறகுதான் ரோட்டைத் தாண்டுறீங்க. உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு டிராஃபிக் லைட்டைக் கட்டிக்கிட்டிருக்கலாம்.”

அவன் சிரித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டுகிற புருஷனாக இருந்தால் சண்டையாவது ஒரு முடிவுக்கு வரும்.

பூங்காவுக்குள் நுழைந்த பிறகாவது மனுஷன் லீவில் இருந்தானா? இல்லை. கீழே கிடந்த பாட்டிலைக் குனிந்து எடுத்தான். ஓடிய பையனைப் பார்த்து, விசில் இல்லாத வாயால் ‘உய்ய்’ என்றான். ஒரு குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று அதை முறைத்துக்கொண்டு நின்றான். “என்னங்க, குழாயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருங்க, நாங்க போறோம்” என்று அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

வாலு நேராகப் போய் நின்றது பெரிய சறுக்கின் வரிசையில். குறையும் என்று தெரிந்தே நின்றாள். அம்மாவும் தடுக்கவில்லை. அன்றைக்குக் கம்பத்துப் பக்கம் நின்றவன் மொட்டை, புருஷனுடைய சிநேகிதன். கொஞ்சம் கண்ணைக் காட்டினால் விடமாட்டானா என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

கண்ணைக் காட்ட அவசியமே வரவில்லை. வாலு போய்க் கம்பத்தில் சாய்ந்து நின்றாள். மொட்டை உயரம் பார்க்கிற அட்டையைத் தலையில் வைத்தான். தலை கோட்டைத் தொட்டிருந்தது!

“அண்ணி, உங்க பொண்ணு பாஸ்! ஏறு குட்டி!”

வாலு போட்ட கூச்சலில் பக்கத்துக் குளத்தில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது எல்லாம் நல்லபடியாக நடக்கிறதே என்று கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தோடு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் பெண்ணின் தலையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலுக்குக் கீழே ரப்பர் விரிப்பு. வெயிலில் டைல்ஸ் கொதித்து, வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்குக் கால் சுடுகிறது என்று கோடை ஆரம்பத்தில் போட்டது. போட்டவன் அவனேதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “பாவம், பிஞ்சுக் காலு” என்று பெருமையாகச் சொல்லவும் செய்தான். நல்ல தடித்த விரிப்பு. ஒரு விரல் கனம் இருக்கும்.

அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கிய அதே நொடியில் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“வாயைத் திறக்காதீங்க.”

“கோடு டைல்ஸ்ல இருந்து அளந்து போட்டது” என்றான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. “விரிப்பைப் போட்டேன், கோட்டை ஏத்தலை. இத்தனை நாளும் எக்கி நின்ன பிள்ளைங்களை எல்லாம் திட்டித் திட்டிக் காலைக் கீழே வைக்கச் சொன்னேன். நானே எல்லாரையும் எக்க வச்சிருக்கேன்.”

“சரி. நாளைக்கு வந்து ஏத்துங்க. இன்னிக்கு உங்களுக்கு லீவு.”

“கீழே குளத்துல தண்ணி மூக்குக்கு மேல வரும். கால் எட்டாது.”

“நீங்க போய்க் குளத்துல நில்லுங்க. இறங்கி வந்ததும் பிடிச்சுக்கோங்க. பெத்த அப்பா கீழே நிக்கிறப்ப அவளுக்கு என்ன ஆகிடும்?”

அவன் வரிசையைப் பார்த்தான். வாலுவுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பையன், அவனுக்குப் பின்னால் பல் விழுந்த இரண்டு பெண்கள், அதற்குப் பின்னால் இன்னும் யார் யாரோ.

“இவளுக்கு நான் நிப்பேன். அதுங்களுக்கு யாரு நிப்பா?”

அவ்வளவுதான். போய்விட்டான். பெண் இரண்டு படி ஏறியிருந்தாள். “மொட்டை, நிறுத்துடா!” என்று அவன் போட்ட சத்தத்தில் மேலே தண்ணீர்கூட ஒரு கணம் நின்றதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் அவமானம். மொட்டை விரிப்பைச் சுருட்டி ஓரமாகப் போட்டான். கொதிக்கிற டைல்ஸில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வாலு மறுபடியும் கம்பத்தில் நின்றாள். ஒரு விரல் குறைந்தது. பின்னால் நின்ற குட்டிப் பையனும் குறைந்தான். பல் விழுந்த பெண்களில் ஒருத்தி குறைந்தாள். பெற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“நேத்து போனானே சார் என் பையன்!” என்று கத்தினார் ஒருத்தர்.

“நேத்து விட்டது தப்பு சார்.”

“தப்புன்னா? விளையாடுறீங்களா? ஒண்ணும் ஆகலையே?”

“ஆகலை. அதுக்காக இன்னிக்கும் விட முடியாது.”

“யாருப்பா இந்த ஆளு? டியூட்டியில்கூட இல்லை போலிருக்கு!”

வாலு அந்தக் கூட்டத்திலிருந்து மெதுவாக விலகி வெளியே வந்தாள். எந்த ஆளைத் திட்டுகிறார்களோ அந்த ஆளின் பெண் தான்தான் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொள்ளலாம். “அம்மா, நான் அங்க போறேன்” என்று தரையிலிருந்து பீய்ச்சுகிற நீரூற்றைக் காட்டினாள். நடை பழகுகிற குழந்தைகள் விளையாடுகிற இடம் அது. அங்கே போய் நடுவில் உட்கார்ந்து, ஒரு ஓட்டையை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டாள்.

அம்மா பெஞ்சில் துண்டும் பையுமாக உட்கார்ந்து கறுவினாள். இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கிழித்துத் தோரணம் கட்டிவிட வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் பாதியில் அறுந்தது. எந்தப் பக்கமிருந்து பிடித்தாலும் அவன் சொன்னதுதான் சரி. அந்தக் குட்டிப் பையன் குளத்தில் விழுந்து கால் எட்டாமல் தவித்திருந்தால்? திட்டுவதற்குக்கூட வழி வைக்காத மனுஷனோடு எப்படித்தான் குடும்பம் நடத்துவது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தப்பு பண்ணித் தொலைத்தால்தான் என்ன?

சத்தமெல்லாம் அடங்கி, விரிப்பை மறுபடியும் விரித்து, கம்பத்தில் ஒரு விரல் மேலே புதுக் கோடு போட்டுவிட்டு அவன் வந்தான். விரலெல்லாம் சிவப்புச் சாயம். செருப்பைக் கழற்றினான். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினான். நீரூற்றை நோக்கி நடந்தான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நீரூற்றுக்குள் பெரியவர்கள் இறங்கக் கூடாது. வழுக்கி ஒரு பெரிய ஆள் சின்னக் குழந்தைமேல் விழுந்தால் என்ன ஆவது என்று, அதற்கு ஒரு பலகையே மாட்டியிருந்தார்கள். யாரோ ஒரு தகப்பன் காலை வைத்தாலும் விசில் ஊதி விரட்டுகிறவன், பலகையைத் தாண்டி உள்ளே போனான். பீய்ச்சிய தண்ணீர் அவன் சட்டையிலும் முகத்திலும் அடித்தது. அத்தனை வருஷ வேலையில் அந்த இடத்தில் அவன் நனைந்து அவள் பார்த்ததே இல்லை. போய்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் குந்தினான்.

“நானும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்டா கண்ணு.”

வாலு நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“போர்டுல என்ன போட்டிருக்கு?”

அவன் பலகையைத் திரும்பிப் பார்த்தான்.

“படிங்கப்பா.”

“பெரியவங்க உள்ள வரக்கூடாதுன்னு.”

“நீங்க பெரியவங்கதானே?”

“ஆமா.”

“அப்போ வெளியே போங்க. உங்களுக்குன்னா மட்டும் விடணுமா?”

குரலில் கோபம் இல்லை. வேலையில் அவன் எப்படிப் பேசுவானோ அப்படி, அமைதியாக, கண்டிப்பாகச் சொன்னாள். அவன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்தான். ஏதாவது சொல்வான் என்று வாலு ஒரு கணம் பார்த்தாள் போலிருந்தது. அவன் வழுக்காமல் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்துப் பலகைக்கு வெளியே வந்து நின்றான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

‘ஏண்டி, அப்பாதானேடி, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டும்’ என்று கத்துவதற்கு வாயைத் திறந்தாள் அம்மா. மூடிக்கொண்டாள். பெண் சொன்னதிலும் தப்பு இல்லையே. ஏற்கெனவே ஒரு ஆள் சரியாக இருந்தே அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். இப்போது வீட்டில் இரண்டு பேர். அவள் துண்டை எடுத்துக்கொண்டு போய் அவன் தோளில் போட்டாள். அவன் துடைத்துக்கொள்ளவில்லை. வெளியே நின்றபடி, பெண் எப்போது திரும்பிப் பார்ப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.