தகரக்கூரையின் வெளிச்சம்

என் மனைவிக்கு எண்ணெய் வண்ணம், எனக்கு நீர் வண்ணம். ஒரே வீட்டில் இரண்டு கட்சி. வருகிறவர்களிடம், "இவரு எப்பவும் தண்ணியிலதான் இருப்பாரு" என்று என்னை அறிமுகப்படுத்துவாள். அவர்கள் முகம் மாறுவதை ரசித்துவிட்டுத்தான் என் படங்களைக் காட்டுவாள்.

இருவரும் வரைந்தது நிலக்காட்சிகளைத்தான். பொருளை விட்டுவிட்டு அதன்மேல் விழும் வெளிச்சத்தைப் பிடிக்கிற வகை. நிழலுக்குக்கூடக் கறுப்பைத் தொடாமல் ஊதாவையும் நீலத்தையும் தேடுவோம். வெயில் இடம் மாறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் அவள் உட்கார்ந்து வரைந்ததே இல்லை. ஏரிக்கரையிலும் தண்டவாள ஓரத்திலும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றபடியே வரைவாள்.

அவள் நுரையீரல் கெட்டபின் அத்தனையும் ஓர் அறைக்குள் வந்து அடங்கியது. ஆக்சிஜன் இயந்திரத்தின் குழாய் கட்டிலுக்கும் குளியலறைக்கும் பால்கனியின் கண்ணாடிக் கதவோரம் போட்ட நாற்காலிக்கும் எட்டும். அதற்கு மேல் எட்டாது. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடையும் எண்ணெய் வாடையும் மூச்சில் படவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் தம்பி எலக்ட்ரீஷியன். அவளுடைய வண்ணப் பெட்டியைப் பால்கனிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவின் விளிம்பு முழுவதும் டேப் ஒட்டினான். பால்கனிக்கு நான் சமையலறை வழியாகப் போய்வரலாம்.

"என்னைப் பார்சல் கட்டிட்டான்" என்றாள் அவள்.

"ஊறுகா பாட்டில்னு நெனச்சுக்கக்கா. காத்துப் படாம இருந்தாத்தான் கெடாம இருக்கும்" என்றான் தம்பி.

கண்ணாடி வழியே தெரிந்தது ஒரு பள்ளமான காலிமனை. அதில் தேங்கிய மழைத்தண்ணீர், கோரைப்புல், அதற்கப்பால் லாரி ஷெட்டின் தகரக்கூரை. காலையில் கொஞ்ச நேரம் மட்டும் வெயில் பட்டு அந்தக் கூரை பற்றி எரியும். அது அப்படியே தண்ணீரிலும் விழும். அதை வரைந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

என் நீர் வண்ணங்களையும் தூரிகைகளையும் கொடுத்தேன். அவள் கை எண்ணெய்க்குப் பழகிய கை. தாளில் எடுத்த எடுப்பில் அடர்த்தியான நிறங்களைப் போட்டு நிரப்பிவிடுவாள்.

"கூரை வெளிச்சம் எங்க?" என்றேன்.

"கடைசியில வைக்கலாம்னு இருந்தேன்."

"இதுல கடைசியில வைக்கிறதுன்னு ஒண்ணு கெடையாதும்மா. வெள்ளைத் தாள்தான் வெளிச்சம். மொதல்லயே விட்டு வச்சிருக்கணும்."

"மொதல்லயே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு உக்கார்றதுக்கு இது என்ன கல்யாணமா?" என்று தாளைக் கசக்கிப் போட்டாள். கட்டிலடியில் அப்படிக் கசங்கிய தாள்கள் குவிந்தன. பிறகு தூரிகையைக் கழுவக்கூடச் செய்யாமல், வெறுமனே கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்ப்பது அவள் இருமலைக் கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு காலையில், "என் வண்ணத்துல நீங்க வெளிய நின்னு வரைங்க. நான் சொல்றேன்" என்றாள்.

கேன்வாஸை அவள் பார்வைக்குத் திருப்பி வைத்து, பால்கனியில் நின்றேன். இடையில் கண்ணாடி. சட்டைப்பையில் ஸ்பீக்கரில் போட்ட போன். மூன்றடி தூரத்தில் இருக்கிறவளோடு போனில் பேசிக்கொண்டு ஓவியம் வரைந்தவன் நானாகத்தான் இருப்பேன். வார்த்தைகளுக்கு நடுவே அவள் மூச்சு என் நெஞ்சுக்கு மேலேயே இழுத்தது.

"புல்லுக்குப் பச்சை வேணாம். ஊதா போடுங்க. இன்னும். உங்க அப்பா வீட்டுச் சொத்தா கரையுது?"

அப்படிச் சில காலைகள் போயின. கோரைப்புல் வந்தது, தண்ணீர் வந்தது, ஷெட் வந்தது. அவள் கரண்டியால் கண்ணாடியைத் தட்டினாள்.

"கூரை?"

"விட்டு வச்சிருக்கேனே."

"விட்டா அது வெளிச்சமா? ஓட்டை. வெறுந்துணி தெரியுது. வெள்ளையும் மஞ்சளும் கெட்டியா எடுத்து மேல வைங்க."

வைத்தேன். நீர் வண்ணக்காரனின் பயந்த கை. மெல்லிய பூச்சாகத்தான் விழுந்தது. வழித்துவிட்டு மறுபடி வைத்தேன். ஓரத்திலிருந்த ஊதாவோடு குழம்பிச் சாம்பலாகிப்போனது.

"வழிச்சிடுங்க" என்றாள். பிறகு போனில் வேறொரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் குனிந்து டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அது கனமான இழுவைக் கதவு. அதைத் தள்ள அவளுக்கு வலுவில்லை. கையை அதன்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"டாக்டர் சொன்னதை மறந்துட்டியா?"

"ஞாபகம் இருக்கு. தெறங்க. வெயில் போகுது."

கூரையில் வெளிச்சம் பாதி தாண்டிவிட்டிருந்தது. இன்றைக்கு மூடிவைத்தால் நாளைக்கும் மூடித்தான் வைப்பேன் என்று எனக்குத் தெரிந்தது. திறந்தேன்.

எழுந்து ஓரடி வைத்தாள். குழாய் இழுத்து நிறுத்திவிட்டது. வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. கேன்வாஸைத் தாங்கியிலிருந்து கழற்றி எடுத்துவந்து, பின்பக்கம் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்து, அவள் முன்னால் ஏந்தி நின்றேன். வண்ணம் குழைக்கும் கத்தியில் வெள்ளையையும் மஞ்சளையும் வெண்ணெய்போல அள்ளினாள்.

அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் பக்கம் வெறும் துணியும் மரச்சட்டமும்தான். கத்தி அழுத்துவது மட்டும் உள்ளங்கையில் தெரிந்தது. கூரையில் ஒரு நீண்ட இழுப்பு. கீழே, தண்ணீரில், குட்டையாக ஒன்று.

"போதும்" என்றாள். "தண்ணி பார்ட்டிக்கு இது ஜென்மத்துக்கும் வராது."

கதவை மூடியபின் இருமல் பிடித்துக்கொண்டது, அடங்க மதியமாயிற்று. சாயங்காலம் தம்பி வந்து, பிய்ந்ததை உரித்துவிட்டுப் புது டேப் ஒட்டினான். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அந்தக் காலைக்குப் பிறகு, மழையில் வெளுத்துப்போன வெயிலில் அந்தக் கூரை ஒருநாளும் அப்படி எரியவில்லை என்று போவதற்கு முன் அவளே சொல்லியிருந்தாள்.

கெட்டியாக வைத்த எண்ணெய் வண்ணம் காய மாதக்கணக்காகும். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு பால்கனிக்குப் போய் விரல் வைத்துப் பார்த்தேன். மேலே ஆடை படிந்திருந்தது. உள்ளே இன்னும் இளக்கம்.

அறைக்குத் திரும்பியபோது தம்பி கண்ணாடிக் கதவருகே நின்றிருந்தான். "டேப்பைப் பிரிச்சிடவா அத்தான்? படத்தை உள்ள மாட்டிடலாம்."

"இன்னும் காயலப்பா. உள்ள வாடை வரும்."

அவன் கட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மடித்து வைத்த குழாயை ஓரமாகத் தள்ளிவிட்டு, டேப் ஒரு மூலையில் கிளம்பியிருந்ததைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான்.

நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகத்தான் அந்தப் படத்தைப் பார்க்கிறேன்.